தூண் பக்கத்து வரிசை

டார்ச்சுக்காரருக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரியும். ஆனால் கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து நின்று சிரித்தால், யாரென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். பிறகு பார்வை மெல்லக் கீழே இறங்கும். செருப்பைப் பார்ப்பார், கட்டைவிரலைப் பார்ப்பார். உடனே முகம் மலர்ந்துவிடும். "அட, நீங்களா! எப்பவும் ஃபேன் அடியில உட்காருவீங்களே!" என்பார். இப்படி ஒரு மனிதரை ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அது அவர் குற்றமில்லை. வாலிபத்தில் அந்தத் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்போதைய மேனேஜர் ஒரு விதி சொல்லிவிட்டார். வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும், யார் முகத்திலும் அடிக்கக் கூடாது. "இருட்டை நம்பித்தான் வர்றாங்க. யாரு யாரோட வந்திருக்காங்கன்னு பார்க்கிறது நம்ம வேலை இல்ல." அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தாமதமாக வருகிறவர்களுக்கு முன்னால் நடப்பார். டார்ச் பிடித்த கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் வருகிறவர் காலடியில் விழும். "பார்த்து வாங்க, படி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார். வரிசை வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தால், அந்த வட்ட வெளிச்சத்துக்குள் இரண்டு பாதங்கள் இருக்கும். ஆயுள் முழுக்க அவர் பார்த்த மனிதர்கள் அவ்வளவுதான்.

அது தியேட்டர் கொடிகட்டிப் பறந்த காலம். காலையிலேயே மதில் சுவரைச் சுற்றி வரிசை நிற்கும். மணி அடித்ததும் பக்கக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துவார்கள், சுவர் விளக்குகள் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாக மங்கும். "ஆ" என்று ஒரு பெருமூச்சு மொத்தக் கூட்டத்திலிருந்தும் எழும். ஆபரேட்டர் அறையின் துவாரத்திலிருந்து ஒளி தலைகளுக்கு மேல் நீண்டு போகும், அதில் தூசு மிதக்கும். பிலிம் அறுந்தால் விசில் காதைக் கிழிக்கும். படம் முடிந்ததும் மரத்தாலான மடக்கு இருக்கைகள் எல்லாம் படபடவென்று நிமிரும். அந்தச் சத்தத்தை நினைத்தால் டார்ச்சுக்காரருக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்தக் காலத்தில் அவருக்கு ஒரே ஒரு பகை உண்டு, துண்டு. சீட்டில் எண் கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் இடம். ஒருத்தர் முன்னால் ஓடிவந்து ஒரு வரிசை முழுக்கத் துண்டும் கைக்குட்டையும் விரித்துவிட்டு, சட்டமாக நடுவில் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "ஆள் வராங்க" என்பார். டார்ச்சுக்காரருக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வருமோ, "துண்டுக்கு டிக்கெட் வாங்கினியா? வந்தப்புறம் பார்த்துக்கலாம், எடு!" என்று அள்ளி மடியில் போட்டுவிடுவார். சொந்தக்காரராக இருந்தாலும் விட்டதில்லை. பையன்கள் அவருக்கு 'டார்ச்சர்' என்று பெயர் வைத்ததே இதனால்தான்.

ஒரு தடவை அவருடைய மனைவியின் அக்காவின் துண்டையே தூக்கி எறிந்தார். அந்தம்மா எங்கே போனாலும் வியர்வை துடைக்க ஒரு பச்சைக் கட்டம் போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போவார். அன்றைக்கு அதைத் தங்கைக்காக, அதாவது இவருடைய மனைவிக்காகப் பக்கத்து இருக்கையில் விரித்திருந்தார். தங்கை வந்து பார்த்தபோது இடமில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவள் அதன் பிறகு அந்தத் தியேட்டர் வாசலை மிதிக்கவே இல்லை. "நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற அன்னிக்கு வரேன். டார்ச்சோட இல்ல, என்னோட" என்று சொல்லிவிட்டாள். ஓடுகிற எல்லாக் காட்சியிலும் வேலை பார்க்கிறவர் எப்படி உட்காருவார்? "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிச் சொல்லியே மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது.

இப்போது தியேட்டரை மூடப் போகிறார்கள். மாதக் கடைசி வரைக்கும் ஏதோ பழைய படத்தைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கிழிப்பதும் அவர்தான், டார்ச் அடிப்பதும் அவர்தான். மதியக் காட்சிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் வருவார்கள். அவர்களிலும் பாதிப் பேர் மின்விசிறிக் காற்றில் தூங்க வருகிறவர்கள்.

அப்படி ஒரு மதியம், படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் தொங்கும் கனத்த கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் நின்றன. வலது கால் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் ஆள் தெரிந்துவிட்டது. எதிர்த் தெருத் தையற்காரர். டிக்கெட் நீட்டவில்லை, தெரிந்தவர்தானே என்று இவரும் கேட்கவில்லை. "வாங்க, வாங்க. என்ன இந்தப் பக்கம்?" என்று முன்னால் நடந்தார். பால்கனியைத் தாங்கும் தூணுக்குப் பக்கத்து வரிசையில் அந்தக் கால்கள் தாமாகவே நின்றன. அங்கிருந்து பார்த்தால் திரையில் பாதி மறைந்துவிடும், யாரும் உட்கார மாட்டார்கள். "இங்கயா? சரி, உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டு வந்தார். இடைவேளையில் விளக்கு போட்டபோது அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

டீ குடிக்கப் போனபோது கடைக்காரர்தான் சொன்னார். "விஷயம் தெரியுமா? நம்ம தையற்காரர் காலையில போயிட்டார். மெஷின்ல உட்கார்ந்தபடியே."

டார்ச்சுக்காரர் கையிலிருந்த டீ ஆறிப்போனது. வயசாகிவிட்டது, கண் ஏமாற்றிவிட்டது, கோணல் கால் உலகத்தில் ஒருத்தருக்குத்தானா இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

அடுத்து வந்த பாதங்கள் அவருடைய மனைவியின் அக்காவுடையவை. இடது கால் வீங்கியிருக்கும், கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருக்கும், செருப்பின் வார் ஒரு பக்கம் தளர்ந்து தொங்கும். சந்தேகமே இல்லை. "என்ன அண்ணி, தனியாவா வந்தீங்க? சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நாக்கு பாதியில் ஒட்டிக்கொண்டது. முட்டிவலியால் வீட்டு வாசலுக்கே வராத அந்தம்மா, இத்தனை படி ஏறி எப்படி வந்தார்? கேட்கத் துணிவில்லை. முன்னால் நடந்தார், பின்னால் வார் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அதே தூண், அதே வரிசை. வெளிச்சத்தின் ஓரத்தில் பச்சைக் கட்டம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. காட்சி முடிந்து அவர் வெளியே வந்தபோது, மகள் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாள். "அப்பா, பெரியம்மா... மத்தியானம் தூங்கினவங்க எழுந்திரிக்கவே இல்லப்பா."

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அன்றிலிருந்து அவருக்குத் தெரிந்துவிட்டது. போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போகிறார்கள். தம்மைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க அவரைத்தான் தேடி வருகிறார்கள்.

காரியங்கள் முடிந்த கையோடு மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வயிற்றில் கட்டி. ரொம்ப நாளாக வலியை மென்று விழுங்கியிருக்கிறாள். "ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். வயசும் இருக்கு, ரத்தமும் கம்மி. கொஞ்சம் ரிஸ்க்தான்" என்றார் டாக்டர். மறுநாள் மதியம் என்று முடிவாயிற்று. மதியம் என்ற சொல்லைக் கேட்டதும் டார்ச்சுக்காரருக்குத் தூண் பக்கத்து வரிசைதான் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில்தானே தியேட்டரில் திரை விலகும்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. நாளைக்கு ஒருவேளை அவள் வந்து நின்றால், அடையாளம் தெரியுமா? யோசித்துப் பார்த்தார். ஊரார் கால்களெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பால்காரர் குதிகால், வக்கீல் வீட்டம்மாவின் சுண்டுவிரல், எல்லாம். பெண்டாட்டியின் கால் மட்டும் வரவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவர் அதைப் பார்த்ததே இல்லை. வெட்கமும் பயமுமாக மெல்லப் போர்வையின் நுனியைத் தூக்கினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் அவள், கண்ணை மூடியபடியே.

"ஒண்ணுமில்ல. கால் ஜில்லுனு இருக்கான்னு..."

"இவ்வளவு வருஷம் கழிச்சு என் கால்ல விழறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அவர் சிரிக்க முயன்றார். இடது பாதத்தின் மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. பழைய தழும்பு. "இது எப்போ ஆச்சு?"

"பாப்பா கைக்குழந்தையா இருந்தப்போ. எண்ணெய்ச் சட்டி கவுந்துடுச்சு. நீங்க வந்து பார்த்து, 'பார்த்துப் பண்ணக் கூடாதா'ன்னு கேட்டுட்டு அடுத்த ஷோவுக்கு ஓடிட்டீங்க."

அவருக்கு அது சுத்தமாக நினைவில்லை. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "தியேட்டர் மூடறதுக்குள்ள ஒரு படமாச்சும் சேர்ந்து பார்ப்போமா? இல்ல அதுக்கும் ஆகட்டும்தானா?"

"முதல்ல நீ எழுந்து வா. பார்ப்போம்" என்றார்.

மறுநாள் ஆபரேஷனுக்கு முன்னால் அவர் கிளம்பி நின்றதைப் பார்த்து மகள் கொதித்துப்போனாள். "அப்பா, உங்களுக்கு மனசே இல்லையா? அம்மாவை உள்ள கொண்டுபோறாங்க. இன்னிக்கும் அந்தப் பாழாப்போன தியேட்டர்தானா?"

"நான் அங்கதாம்மா இருக்கணும்."

"யாரு வரப்போறாங்க அங்க? நாலு தூங்குமூஞ்சி! அவங்களுக்காக அம்மாவை விட்டுட்டுப் போறீங்களா?"

அவர் என்ன சொல்வார்? உன் அம்மாவுக்காகத்தான் போகிறேன், அவள் வந்தால் திருப்பி அனுப்ப வாசலில் வேறு ஆள் இல்லை என்றா சொல்வார்? தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். மருமகன் பார்த்த பார்வையில் மனிதர் கூனிக் குறுகிப்போனார்.

மணி அடித்தது. விளக்குகள் மங்கின. டார்ச்சுக்காரர் கறுப்புத் திரைக்கு உள்பக்கம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். ஒரே தீர்மானம்தான். டிக்கெட் நீட்டாத கால் எதுவாக இருந்தாலும் "சீட் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். தழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடத் தேவையில்லை. எல்லாரையும் திருப்பிவிட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் ஜோடி வந்தது. பேச்சும் சிரிப்புமாகச் சத்தம் போட்டார்கள், உயிருள்ளவர்கள்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, முன் வரிசையில் விட்டுவிட்டு, சரிவில் ஏறித் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. வாசல் திரையருகே வந்ததும் அங்கே ஏற்கெனவே யாரோ நிற்பது தெரிந்தது. தரையில் வெளிச்சம் விழுந்தது. இரண்டு பாதங்கள், பச்சைத் துணி உறை போட்டு, கணுக்காலில் நாடா கட்டியிருந்தது. ஏதோ குழந்தைக்குப் போடும் காலுறை போல இருக்கிறதே என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துப் பழக்கம் அவரைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது. உடம்பு திரும்பியது, கை முதுகுக்குப் பின்னால் போனது. "வாங்க, பார்த்து வாங்க, படி இருக்கு" என்று வாய் தானாகச் சொன்னது.

நாலைந்து படி இறங்கிய பிறகுதான் நெஞ்சில் சம்மட்டி விழுந்தது. யார் காலில் பச்சைத் துணி கட்டுவார்கள்? ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத்தானே கட்டுவார்கள்!

நிற்க நினைத்தார், கால் நிற்கவில்லை. பின்னாலிருந்த காலடிதான் நின்றது, தூணுக்குப் பக்கத்து வரிசையில். அவர் திரும்பினார். வலது உறை அப்படியே இருந்தது. இடது உறையின் நாடா அவிழ்ந்து, துணி சரிந்திருந்தது. வெளிச்சத்தில் அந்தத் தழும்பு பளபளவென்று மின்னியது.

அந்த வரிசையில் ஏற்கெனவே கால்கள் இருந்தன. உள்பக்கம் திரும்பிய ஒரு கால். வார் தொங்கும் ஒரு செருப்பு. வருகிறவருக்கு வழிவிட அந்தக் கால்கள் மெல்ல உள்ளே நகர்ந்தன. அவற்றுக்கு அப்பால் இரண்டு இருக்கைகள் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தன. இரண்டின் மேலும் சேர்த்து ஒரு துண்டு விரித்திருந்தது. பச்சைக் கட்டம் போட்டது.

தழும்புள்ள கால் வரிசைக்குள் அடியெடுத்து வைக்க உயர்ந்தது.

"சீட் இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "ஹவுஸ்ஃபுல். சீட் இல்ல."

கால் அந்தரத்தில் நின்றது. இறங்கவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. டார்ச்சைக் கொஞ்சம் உயர்த்தினால் முகம் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அடிவயிற்றிலிருந்து ஆசை பொங்கியது. ஆனால் பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தை மெல்ல வரிசையிலிருந்து விலக்கி, வந்த வழிப் பக்கம் திருப்பினார். உள்ளே வருகிறவர்களுக்குத்தான் டார்ச் அடிப்பார்கள். வெளியே போகிறவர்களுக்கு யாரும் அடித்ததில்லை, அவரும் அடித்ததில்லை.

"வா" என்றார். "இந்தப் படம் நல்லா இல்ல. வா, வீட்டுக்குப் போலாம். நான் கூட வரேன். வாடா கண்ணு." வாழ்நாளில் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கண்ணீர் வழிந்து மீசைக்குள் இறங்கியது.

உயர்ந்த கால் பின்வாங்கியது. வெளிச்சத்துக்குள் வந்து நின்றது. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே சரிவில் ஏறினார். இருக்கை முனைகள் இடுப்பில் இடித்தன, படி தடுக்கியது. அவர் ஒரு அடி வைத்தால் அந்தப் பாதங்களும் ஒரு அடி வைத்தன. தூண் பக்கத்தில் யாரோ அதிருப்தியாக முனகினார்கள், அல்லது திரையில்தான் யாரோ பேசினார்கள். முதுகில் கறுப்புத் திரை பட்டதும் அதைக் கொத்தாகப் பிடித்து முழுசாக இழுத்தார். கதவையும் உதைத்துத் திறந்தார். வெயில் வெள்ளம்போல உள்ளே பாய்ந்தது.

"யோவ், டோரைச் சாத்துய்யா!" என்று முன் வரிசை கத்தியது.

வெயிலில் டார்ச் வெளிச்சம் கரைந்துபோனது. தரையில் யாருடைய காலும் இல்லை. ஒரு பச்சை நாடா மட்டும் கிடந்ததாக அவருக்குத் தோன்றியது, குனிந்து பார்த்தால் அதுவும் இல்லை.

எரிகிற டார்ச்சை அணைக்காமலே அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியில் பார்த்தவர்கள் பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு ஓடுகிற மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். வராந்தாவில் மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். "நடுவுல நாடி விழுந்துடுச்சாம்பா. கைவிட்டுப் போச்சுன்னே நினைச்சிட்டாங்களாம். திடீர்னு திரும்பி வந்துடுச்சாம்." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள்தான் மனைவி சரியாகக் கண் விழித்தாள். மகள் கஞ்சி வாங்க வெளியே போயிருந்தாள். அவள் அவரை வெகு நேரம் உற்றுப் பார்த்தாள். பார்வையில் நன்றி இல்லை, பாசம்கூட இல்லை. சுத்தமான கோபம்.

"வெயில்ல அவ்வளவு தூரம் நடந்து வந்தேன்" என்றாள். குரல் காற்றாக வந்தது. "வாசல் வரைக்கும் வந்தவளை இப்படியா திருப்பி அனுப்புவீங்க?"

அவர் போர்வையின் நுனியைச் சரிசெய்தார்.

"சீட் இல்லையாம். யார் காதுல பூ சுத்தறீங்க? அக்கா எனக்கு முன்னாடியே போய்த் துண்டு போட்டு வெச்சிருந்தா. ரெண்டு சீட்டு."

"ரெண்டா?" என்றார், தெரியாதவர் போல.

"ஒண்ணு எனக்கு." கண்கள் சொக்கின. கோபமும் மெல்லக் கரைந்தது. "இன்னொண்ணு யாருக்குன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்." கையை நகர்த்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அவர் போர்வையை விலக்கி, அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் சூடாக இருந்தது.

மாதக் கடைசியில் தியேட்டரைக் காலி செய்தார்கள். எல்லாக் கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. பகல் வெளிச்சத்தில் அந்த இடம் முன்பின் தெரியாத கூடம் போல இருந்தது. பழைய சாமான் எடுக்கிறவர் முன் வரிசையிலிருந்து இருக்கைகளைக் கழற்றிக்கொண்டே வந்தார். டார்ச்சுக்காரர் வேலை எதுவும் இல்லாமல், சும்மா பின்னால் நின்றார்.

கூட்டுகிற அம்மா தூண் பக்கம் போனவர், "யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க பாருங்க" என்று குரல் கொடுத்தார். இரண்டு இருக்கைகள் இறங்கியிருந்தன. மடக்கு இருக்கை, ஆள் உட்காராமல் தானாக இறங்கி நிற்காது. மேலே பச்சைக் கட்டம் போட்ட துண்டு. "உங்களுக்குத்தான் துண்டைக் கண்டாலே ஆகாதே. எடுத்துக் குப்பையில போட்டுடவா?"

டார்ச்சுக்காரர் இறங்கி வந்தார். துண்டின் ஒரு முனை சுருங்கியிருந்தது. அதை இழுத்து, இரண்டு இருக்கையிலும் சமமாக இருக்கும்படி நீவிவிட்டார்.

"இருக்கட்டும்மா" என்றார். "ஆள் வராங்க."